கட்டளைவரிக் கருவியின் பிழைச் செய்திகளுக்கு நிறம் கொடுத்தபின் பதிவுக் கோப்புகள் குழம்புகின்றன: முறையான வழி எது?

கோண்டாவில்_கிணற்றடி எழுதியது:

வணக்கம். வலிகாமத்திலும் தீவுப் பகுதியிலும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் அளந்து பதிந்துவரும் சிறு தன்னார்வக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம் என்பதால், இந்த அளவீடுகளில் ஒரு தசமப் புள்ளி இடம்மாறினாலும் பின்னர் அவற்றை வைத்து எடுக்கும் முடிவு பிழைத்துவிடும். அளவீடுகள் சிஎஸ்வி (பெறுமதிகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும்) கோப்புகளாக எனக்கு வந்து சேர்கின்றன. தட்டச்சுச் செய்பவர்கள் பலர், ஒருவர் 4.2 என்று எழுதும் இடத்தில் மற்றொருவர் "4.2 மீற்றர்" என்றும் வேறொருவர் "4,2" என்றும் எழுதுகிறார்கள். ஆகவே இத்தகைய பிழைகளைப் பிடித்துச் சொல்வதற்கென்று பைதன் நிரல்மொழியில் ஒரு சிறிய கட்டளைவரிக் கருவியை (கட்டளையைத் தட்டச்சிட்டு ஓட்டும் நிரலை) எழுதினேன். அது தரும் செய்திகள் இப்படி இருக்கும்:

கோப்பாய்_07.சிஎஸ்வி:14: பிழை: நீர்மட்டம் எண்ணாக இல்லை: "4.2 மீற்றர்"
கோப்பாய்_07.சிஎஸ்வி:31: எச்சரிக்கை: சென்ற மாதத்தைவிட 3 மீற்றருக்கு மேல் வேறுபாடு

நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே நிறத்தில் ஓடும்போது பிழைகள் எச்சரிக்கைகளுக்குள் ஒளிந்துகொண்டன. அதனால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தையும், அதன்பின் சதுர அடைப்பு, 31, எம் என்ற குறியீட்டையும் நேரடியாகச் சேர்த்துப் பிழைகளைச் சிவப்பாக்கினேன். எச்சரிக்கைகளுக்கு 33 என்ற மஞ்சள். ஓட்டம் முடிந்ததும் பிழையில்லாத கோப்புகளின் பெயர்களைப் பச்சையிலும் பிழையுள்ளவற்றைச் சிவப்பிலும் அடுக்கிக் காட்டினேன். என் உபுண்டு மடிக்கணனியின் கறுப்புத் திரையில் அது மிகவும் அழகாக இருந்தது.

ஒரு வாரத்துக்குள் நான்கு முறைப்பாடுகள் வந்துவிட்டன. இரவில் தானாக ஓடும் பணி தன் செய்திகளை ஒரு பதிவுக் கோப்பில் எழுதுகிறது. மறுநாள் இன்னொரு சிறு நிரல் அந்தக் கோப்பை வாசித்து, முதல் முக்காற்புள்ளிவரை உள்ளதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். இப்போது பெயருக்கு முன்னால் நிறக் குறியீடு ஒட்டிக்கொண்டிருப்பதால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அது நின்றுவிடுகிறது. இரண்டாவதாக, குழுவினர் ஒருவரின் பழைய விண்டோஸ் கணனியில் நிறம் வராமல் ஓர் அம்புக்குறியும் "[31எம்" என்ற குப்பையும் வருகின்றன. மூன்றாவதாக, வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவர் பகல் வெளிச்சத்தில் விறாந்தையில் இருந்து பார்த்தபோது மஞ்சள் எச்சரிக்கைகள் கண்ணுக்கே தெரியவில்லையாம். நான்காவது முறைப்பாடு எனக்கு வெட்கத்தைத் தந்தது: எங்களில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது என்பதை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை.

நிறத்தை முற்றாக எடுத்துவிடுவதா, அல்லது இவை அனைத்துக்கும் பொருந்தும் முறையான வழி ஒன்று உண்டா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனங்கூடல் எழுதியது:

தம்பி, நிறத்தை எடுக்கத் தேவையில்லை. நீர் விட்ட பிழை ஒன்றுதான், மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்: நிறம் கொடுப்பதா இல்லையா என்ற முடிவை எழுதும் நேரத்திலேயே நிரலுக்குள் எடுத்துவிட்டீர். அந்த முடிவு ஓடும் நேரத்தில், செய்தி எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்த பின்னரே எடுக்கப்பட வேண்டும்.

இது ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1978 இல் வெளிவந்த விரி-100 போன்ற முனையங்கள் (கணனியோடு இணைத்த திரையும் விசைப்பலகையும்) ஒரு கம்பியின் வழியாக எழுத்துகளை மட்டுமே வாங்கிக்கொண்டன. கட்டளைகளுக்கென்று வேறு கம்பி இருக்கவில்லை. ஆகவே "இனி வருவது எழுத்து அல்ல, கட்டளை" என்று சொல்லும் அடையாளமாக 27 ஆம் எண்ணுடைய எஸ்கேப் எழுத்தை வைத்து, கட்டளையையும் எழுத்தோடு எழுத்தாக அதே வழியில் அனுப்பினார்கள். இன்றைய முனையச் செயலிகளும் அதே நியமத்தைத்தான் பின்பற்றுகின்றன. ஆகவே உம்முடைய சிவப்பு என்பது செய்தியின் ஒரு குணம் அல்ல. செய்திக்குள் கலந்த சில எழுத்துகள். முனையம் அவற்றை விழுங்கிச் சிவப்பாகக் காட்டும். கோப்பு அவற்றை அப்படியே வைத்திருக்கும். கோப்பைக் குறை சொல்ல முடியாது.

முதல் வேலை, எழுதப்போகும் ஓடை (செய்தி வெளியேறும் வழி) முனையத்தோடு இணைந்திருக்கிறதா என்று கேட்பது. பைதனில் ஒவ்வொரு ஓடைக்கும் இஸ்ஏடிடிவை என்ற வினவல் உண்டு. ஆம் என்றால் நிறம், இல்லையென்றால் வெறும் எழுத்து. இரவுப் பணியின் ஓடை கோப்புக்குப் போவதால் விடை இல்லை என்று வரும், உம்முடைய பதிவுக் கோப்பு அன்றிரவே சுத்தமாகிவிடும். டேர்ம் என்ற சூழல் மாறியின் (நிரல்கள் வாசிப்பதற்காக அவற்றுக்கு வெளியே வைக்கப்படும் அமைப்பு) பெறுமதி டம் (ஊமை) என்று இருந்தாலும் நிறம் கொடுக்க வேண்டாம். உரை எழுதும் சில செயலிகளுக்குள் திறக்கும் ஷெல்கள் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்கள்) தமக்குக் குறியீடு விளங்காது என்பதை அந்த வழியாகத்தான் சொல்கின்றன.

இரண்டாவது, பாவனையாளரின் விருப்பம். நோ_கலர் என்ற சூழல் மாறியைப் பற்றிய ஒரு பொது வழக்கம் 2017 அளவில் முன்வைக்கப்பட்டு இன்று ஏராளமான கருவிகளில் ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த மாறி இருந்து, அதன் பெறுமதி வெறுமையாக இல்லாவிட்டால், நிறம் சேர்க்கக்கூடாது. இதில் பலர் சறுக்குவார்கள்: பெறுமதி 1 ஆக இருக்கிறதா என்று பார்க்கக்கூடாது. பூச்சியம் என்று எழுதி வைத்திருந்தாலும் நிறம் வேண்டாம் என்பதே பொருள். பைதனில் பூச்சியம் என்ற ஓரெழுத்துச் சரமும் உண்மையாகவே கொள்ளப்படுவதால், மாறியை எடுத்து நேரடியாகச் சோதித்தாலே போதும். முழுவெண்ணாக மாற்றப் போனால்தான் வினை.

மூன்றாவது, கட்டளைவரியிலேயே ஒரு தெரிவு. சொல் தேடும் கிரெப், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஆகியவற்றில் உள்ளதைப் போல கலர் என்ற தெரிவுக்கு ஓட்டோ (தானாக), ஆல்வேய்ஸ் (எப்போதும்), நெவர் (ஒருபோதும் இல்லை) என்று மூன்று பெறுமதிகளைக் கொடும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஓட்டோ. இவை முரண்பட்டால் கட்டளைவரியில் வெளிப்படையாகச் சொன்னதே வெல்ல வேண்டும், அதற்குப் பின் சூழல் மாறி, கடைசியாக முனையச் சோதனை. இந்த முடிவை ஒரே ஒரு செயற்கூறுக்குள் வையும். அச்சிடும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் சோதித்தால் ஏதோ ஓரிடத்தில் மறந்துவிடுவீர், நானும் மறந்திருக்கிறேன்.

மஞ்சள் பற்றி ஒரு சொல். 30 முதல் 37 வரையான எண்கள் நிறத்தின் பெயரைத்தான் சொல்கின்றன, உண்மையான சாயலைத் தீர்மானிப்பது பார்ப்பவரின் முனையம். ஜிசிசி தொகுப்பி (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது) 2014 இல் வந்த 4.9 ஆம் பதிப்பிலிருந்து பிழையைத் தடித்த சிவப்பிலும் எச்சரிக்கையைத் தடித்த ஊதாச் சிவப்பிலும் குறிப்பைத் தடித்த வெளிர்நீலத்திலும் காட்டுகிறது. எச்சரிக்கைக்கு ஊதாச் சிவப்பான 35 ஆம் எண்ணை எடுத்தது நல்ல தெரிவு என்றே நினைக்கிறேன், ஏனெனில் அது கறுப்பிலும் வெள்ளையிலும் தாக்குப்பிடிக்கும். 256 நிறங்களுக்கோ அதற்கும் மேலாகவோ போக வேண்டாம். அங்கே நீர் சாயலையே நிலையாகக் குறித்துவிடுகிறீர். பார்ப்பவர் தன் கண்ணுக்கேற்பத் திரையின் நிறங்களைத் திருத்தி வைத்திருந்தாலும் அது பயன்படாமல் போய்விடும்.

முழு வரிக்கும் நிறம் பூசுவதையும் நிறுத்தும். "பிழை:" என்ற சொல் மட்டும் சிவப்பாக இருந்தாலே கண் அங்கே போகும்.

சங்கிலியன்தோப்பு எழுதியது:

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே, ஆயினும் இவற்றையெல்லாம் தாமே எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் என் ஐயம். ரிச் என்ற பைதன் நூலகம் முனையச் சோதனையையும் நோ_கலர் மாறியையும் தானே கவனித்துக்கொள்கிறது. விண்டோஸ் சிக்கலுக்குக் கலரமா என்ற சிறிய நூலகம் போதும். தொடக்கத்தில் ஒருமுறை அழைத்துவிட்டால், புதிய விண்டோஸில் குறியீடுகளை விளங்கிக்கொள்ளும் பயன்முறையை இயக்கிவிடும், பழையதில் குறியீடுகளை இடைமறித்து விண்டோஸின் சொந்த அழைப்புகளாக மாற்றிவிடும்.

இது ஏன் தேவைப்படுகிறது என்றால், விண்டோஸ் 10 இன் கட்டளைச் சாளரம் எஸ்கேப் குறியீடுகளை அறிந்திருந்தாலும், ஒவ்வொரு நிரலும் அந்த வசதியைக் கேட்டு இயக்கினால்தான் அது பல வேளைகளில் வேலை செய்யும். விண்டோஸ் 7 இல் அந்த வசதியே இல்லை. பின்னர் வந்த விண்டோஸ் டெர்மினல் செயலியில் இந்தத் தொல்லை இல்லை. வெறுமையான கட்டளை ஒன்றைப் பைதனிலிருந்து ஓடவிட்டால் பயன்முறை தானாக இயங்கிவிடும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். அது வேலை செய்யும்தான், ஆனால் அது ஒரு பக்கவிளைவு. நாளைக்கு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது.

2024 இல் வந்த பைதன் 3.13, தானே காட்டும் பிழைத்தடத்துக்கும் (நிரல் எங்கே முறிந்தது என்று சொல்லும் செய்திக்கும்) நிறம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அதுவும் நோ_கலர் மாறியை மதிக்கிறது. உங்கள் கருவி மட்டும் மதிக்காவிட்டால், நிறம் வேண்டாம் என்று சொன்னவர் ஒரே திரையில் பாதியை நிறத்தோடும் பாதியை நிறமின்றியும் பார்ப்பார்.

பனங்கூடல் எழுதியது:

நூலகத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனால் தம்பியின் கருவியை ஓட்டுபவர்கள் நிரலாளர்கள் அல்லர். ஊர் ஊராக மடிக்கணனியோடு போய்வருபவர்களுக்கு ஒற்றைக் கோப்பாகக் கொடுக்கும் கருவியில் வெளி நூலகம் ஒன்றைச் சேர்த்தால், அதை நிறுவுவதற்கு இணையம் வேண்டும், பதிப்புப் பொருத்தம் வேண்டும். மூன்று நிறங்களுக்கு இருபது வரி நிரல் போதும் என்பது என் எண்ணம். விண்டோஸுக்கு மட்டும் கலரமா இருந்தால் அதைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் நிறமின்றி எழுது என்று வைத்துவிட்டால் எவருக்கும் நட்டமில்லை.

கோண்டாவில்_கிணற்றடி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பனங்கூடல் ஐயா சொன்னபடி ஒற்றைச் செயற்கூறு எழுதினேன்; பதிவுக் கோப்பு சுத்தமாகிவிட்டது. ஆனால் புதிய குழப்பம் ஒன்று. செய்திகள் நீளமாக இருக்கும்போது நான் அவற்றை லெஸ் நிரலுக்குள் குழாய்வழி (ஒரு நிரலின் வெளியீட்டை நேரடியாக இன்னொன்றுக்குக் கொடுக்கும் வழி) அனுப்பிப் பக்கம் பக்கமாகப் பார்ப்பேன். இப்போது அங்கே நிறம் வருவதில்லை. கலர் தெரிவுக்கு ஆல்வேய்ஸ் கொடுத்தால் நிறத்துக்குப் பதிலாக எஸ்கேப் என்ற சொல்லும் எண்களும் வருகின்றன. இன்னொன்று: திருத்திய அளவீடுகளை மட்டும் ஒரு கோப்புக்கு அனுப்பி, பிழைகளைத் திரையில் பார்க்க முயன்றபோது, நான் முனையத்தின் முன்னாலேயே இருந்தும் பிழைகள் நிறமின்றி வந்தன. அப்போதுதான் என் நிரலைத் திரும்ப வாசித்தேன். நியம வெளியீட்டைச் சோதித்துவிட்டுப் பிழை ஓடையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பனங்கூடல் எழுதியது:

இரண்டாவதற்கு நீரே பதில் கண்டுபிடித்துவிட்டீர். ஒவ்வொரு நிரலுக்கும் வெளியே போக இரண்டு வாசல்கள் உண்டு: 1 ஆம் எண்ணுடையது நியம வெளியீடு, 2 ஆம் எண்ணுடையது நியமப் பிழை ஓடை. தரவு முன்னதால் போக வேண்டும், தரவைப் பற்றிய பேச்சு பின்னதால் போக வேண்டும். ஒரு வாசல் கோப்புக்கும் மற்றது திரைக்கும் திறந்திருக்கலாம் என்பதால், எந்த வாசலால் எழுதுகிறீரோ அந்த வாசலையே சோதிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகத் தவறியிருந்தால் இன்னும் மோசம்: வெளியீடு திரையில் இருக்க, பிழை ஓடையை மட்டும் கோப்புக்குத் திருப்பியவரின் கோப்பில் மறுபடியும் குறியீடுகள் நிறையும். உம்முடைய இரவுப் பணியில் இரண்டும் ஒரே கோப்புக்குப் போவதால்தான் இந்தத் தவறு வெளித்தெரியவில்லை.

லெஸ் விடயத்தில் உம்முடைய கருவி சரியாகவே நடந்துகொண்டது. குழாய் முனையம் அல்ல; மறுமுனையில் லெஸ் இருக்கிறதா, வரிகளை எண்ணும் நிரல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஆல்வேய்ஸ் என்று நீர் சொல்ல வேண்டியதுதான். அடுத்ததாக, லெஸ் நிரலும் இயல்பாகக் கட்டுப்பாட்டு எழுத்துகளை முனையத்துக்கு விடாது. பெரிய எழுத்தில் ஆர் என்ற தெரிவைக் கொடுத்தால் நிறக் குறியீடுகளை மட்டும் அப்படியே விடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழை இருந்ததா என்பதை மறுநாள் ஓடும் நிரல் செய்திகளை வாசித்து ஊகிக்க வேண்டியதில்லை. பிழை இருந்தால் பூச்சியம் அல்லாத வெளியேற்ற எண்ணோடு (முடியும்போது தன்னை ஓட்டியவருக்குத் தரும் எண்) கருவி முடியட்டும்.

நாவற்குழி_எழுத்து எழுதியது:

இதுவரை எவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் தமிழில் செய்தி எழுதும் கருவிகளில் இது நிச்சயமாகத் தலைகாட்டும். இப்போது நீங்கள் "பிழை:" என்ற முழுச் சொல்லுக்கு நிறம் கொடுக்கிறீர்கள். அதில் ஆபத்து இல்லை. அடுத்த கட்டமாக, கலத்துக்குள் பிழையான பகுதியை மட்டும் சிவப்பாக்குவோம் அல்லது அதன் கீழ் ஒரு கூரைக்குறி (^) இடுவோம் என்று கட்டாயம் எண்ணுவீர்கள். ஆங்கிலத் தொகுப்பிகளைப் பார்த்த எவருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது.

சிவப்பாக்குவதை முதலில் பார்ப்போம். "கிணற" என்ற பகுதியைத் தேடினால் கிணறு, கிணற்று, கிணற்றடி எல்லாம் அகப்படும் என்பதால் நாம் இயல்பாக அப்படித்தான் தேடுவோம். கிரெப்பின் நிறத் தெரிவோடு தேடிப் பாருங்கள். பொருந்திய பகுதி முடிந்ததும் நிறத்தை நிறுத்தும் குறியீட்டை அது இடும். அந்த இடமோ றகரத்துக்கும் அதன் உகரக் குறிக்கும் நடுவில் இருக்கிறது. யூனிகோடில் று என்பது இரண்டு குறிகளாக இருப்பதால் கிரெப்புக்கு அது ஓர் எழுத்தின் வயிற்றைக் கிழிப்பதாகத் தெரியாது. பல முனையங்களில் ற தனியாகச் சிவப்பாகவும், உகரக் குறி புள்ளிவட்டம் ஒன்றைப் பற்றிக்கொண்டு தனியாகவும் நிற்கும். உங்கள் கருவியில் நிறக் குறியீட்டை எப்போதும் முழு எழுத்தின் எல்லையிலேயே இட வேண்டும். பைதனின் ரெஜெக்ஸ் என்ற வெளி நூலகத்தில், பின்சாய்கோட்டின் பின் பெரிய எக்ஸ் இட்டால் பயனர் பார்க்கும் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். வெளி நூலகம் வேண்டாமென்றால் அதைவிட எளிய வழி, கலத்துக்குள் நுழையாமல் கலம் முழுவதையும் சிவப்பாக்குவது.

கூரைக்குறி இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணம் என்ற சொல்லை நாம் ஆறு எழுத்து என்போம். பைதனின் நீளக் கணக்கு 11 என்னும். யூடிஎஃப்-8 கோப்பில் அது 33 பைட்டு. திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பது நான்காவது கணக்கு, அதிலும் முனையங்களுக்கிடையே ஒற்றுமை இல்லை. யூனிகோடு அட்டவணையில் இகரக் குறி இடம்பிடிக்கும் குறியாகவும் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம்பிடிக்காத குறிகளாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இதனால் பழைய அகலக் கணக்கின்படி "கிணறு" ஐந்து கட்டங்களும் "நீர்" இரண்டு கட்டங்களும் பெறுகின்றன. புதிய கணக்குகள் சில இடம்பிடிக்கும் குறிகளையும் பூச்சியமாக்கிவிட்டன. நீங்கள் எண்ணி வைக்கும் வெற்றிடங்களுக்குக் கீழே கூரைக்குறி உங்கள் கணனியில் சரியாக நிற்கும், சுன்னாகத்தில் இருப்பவரின் கணனியில் இரண்டு எழுத்து தள்ளி நிற்கும். நான் இரண்டு வார இறுதிகளை இதில் செலவழித்துவிட்டுக் கைவிட்டேன். உங்கள் தரவு சிஎஸ்வி என்பதால் வரி எண்ணோடு நெடுவரிசையின் தலைப்பையும் சொல்லி, பெறுமதியை மேற்கோள் குறிக்குள் காட்டிவிடுங்கள். எவருடைய திரையிலும் அது இடம்மாறாது.

பெறுமதியை அப்படியே அச்சிட வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எங்கிருந்தோ வெட்டி ஒட்டப்பட்ட கலத்துக்குள் எஸ்கேப் எழுத்து இருந்தால், அது உங்கள் கருவியின் வழியாக முனையத்துக்குக் கட்டளையிடும். கட்டுப்பாட்டு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வடிவமாக மாற்றிவிட்டு எழுதுங்கள்.

வேலணை_22 எழுதியது:

நான் சிவப்பு, பச்சை பிரித்தறியாதவர்களில் ஒருவன் என்பதால் நான்காவது முறைப்பாட்டுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வட ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இந்தக் குறை இருக்கிறது; மற்ற இடங்களில் வீதம் வேறுபடும், ஆயினும் ஆண்களிடையே எங்கும் காணக்கூடியதுதான். எங்களுக்காகத் தனி நிறத் திட்டம் ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். பிழை, எச்சரிக்கை என்ற சொற்கள் வரியில் இருக்கும்வரை நான் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. உங்கள் கருவியில் என்னைத் தடுக்கியிருக்கக்கூடியது அந்த இறுதிப் பட்டியல் மட்டுமே, ஏனெனில் அங்கே நிறத்தைத் தவிர வேறு தகவல் இல்லை. பெயருக்கு முன்னால் "சரி" அல்லது "பிழை 3" என்று எழுதுங்கள். சரிபார்க்க எளிய வழி, நோ_கலர் மாறியை வைத்துவிட்டுக் கருவியை ஓட்டி, எல்லாம் விளங்குகிறதா என்று நீங்களே வாசிப்பது.

கோண்டாவில்_கிணற்றடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செய்துமுடித்ததைப் பின்னால் வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன். நிறம் பற்றிய முடிவு இப்போது ஒரே செயற்கூறில் இருக்கிறது. அது ஓடையைக் கேட்டு வாங்கி, அந்த ஓடைக்கே விடை சொல்கிறது. "பிழை" என்ற சொல் மட்டும் தடித்த சிவப்பு, "எச்சரிக்கை" தடித்த ஊதாச் சிவப்பு, மற்றவை முனையத்தின் இயல்பான நிறம். நிறத்தைத் தொடங்கும் குறியீடு, சொல், நிறுத்தும் குறியீடு மூன்றையும் ஒரே சரமாகச் சேர்த்து ஒரே தடவையில் எழுதுகிறேன். முன்பு தனித்தனியாக எழுதியதால், நடுவில் நிறுத்தினால் ஷெல் முழுவதும் சிவப்பாகவே இருந்துவிடும். வரி இப்போது இப்படி வருகிறது:

கோப்பாய்_07.சிஎஸ்வி:14: பிழை: "நீர்மட்டம்" நெடுவரிசையில் எண் இல்லை: "4.2 மீற்றர்"

வேலணை நண்பர் சொன்ன சோதனையைச் செய்தபோது இறுதிப் பட்டியல் வெறும் பெயர்களின் அடுக்காகவே நின்றது, அதைத் திருத்தினேன். பழைய விண்டோஸ் கணனியில் கலரமா நிறுவவில்லை, ஆகவே அங்கே கருவி நிறமின்றி ஓடுகிறது. அந்தக் கணனிக்கு உரியவர் இதுவே தனக்குப் போதும் என்கிறார். கூரைக்குறி யோசனை உண்மையில் என் குறிப்புப் புத்தகத்தில் அடுத்த வேலையாக எழுதப்பட்டிருந்தது, வெட்டிவிட்டேன். கட்டுப்பாட்டு எழுத்துகளை வடிகட்டியபின் பழைய கோப்புகளை ஓட்டிப் பார்த்ததில், ஒரு கோப்பில் தலைப்பு வரியின் இறுதியில் மறைந்திருந்த தாவல் எழுத்து ஒன்று வெளிப்பட்டது. அந்தத் தலைப்பு ஏன் பொருந்தவில்லை என்று முன்பு நீண்ட நேரம் தேடியிருக்கிறேன்.

தெரிவின் பெயரைத் தமிழிலேயே "நிறம்" என்று வைக்கவும் முயன்றேன். நிரல் ஏற்றுக்கொண்டது, ஆட்கள் ஏற்றுக்கொள்ளவில்லை: கட்டளையின் நடுவில் விசைப்பலகையை இருமுறை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பெயர்களும் வேலை செய்கின்றன, உதவிப் பக்கத்தில் கலர் முதலில் இருக்கிறது.